எண்ணும் அகவையும்

எண்ணையும் எழுத்தையும் மாந்தர்க்கு இரு கண்களாகக் கூறுவது தமிழ் மரபு. ஆயினும், தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் எம்மனோர் அவ்விரு கண்ணுள் ஒன்றை மட்டும் துலக்கி வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் கணித வகுப்பாரிடம் அடகு வைத்துவிட்டனர் என்று பிற துறை நண்பர்கள் நகையாடுவதுண்டு. இஃது உண்மையன்று. எண்ணுப்பெயர்கள் தம்முள் புணருமாற்றைத் தொல்காப்பியர் நூற்பா பல வகுத்து விளக்கியிருத்தலை அவர்கள் அறியார். எனினும், ஓர் எண்ணை எவ்வாறு எழுதுவது என்பதில் ஓர் உயிரின் நலமே தங்கியிருத்தல் கூடும் என்னும் செய்தியை யாம் இலக்கண வகுப்பில் கற்றோமல்லோம். எம் தமக்கையாரின் தொழிலினின்றும் கற்றோம். அதனையே ஈண்டு அன்பர்கட்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

எம் தமக்கையார் சேலையூரில் எம் வீட்டு முன்னறையில் அமர்ந்து, காதில் ஒலிக்கருவி பூட்டி, அமெரிக்க மருத்துவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எழுதுபவர். இத்தொழிலை ‘மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன்’ என்பர். மருத்துவர் ஒருவர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், கண்டதையும் கருதியதையும் கொடுத்த மருந்தையும் வாயாற் சொல்லிப் பதிவு செய்கின்றார். அவ்வொலி கடல் கடந்து இங்கு வருகின்றது. நியூயார்க்கு நகரத்துப் பொழுது நம் பொழுதினும் குளிர்காலத்தில் 10½ மணியும் கோடையில் 9½ மணியும் பின்தங்கியது. ஆகலின், அங்கு மருத்துவர் மாலையிற் பேசிவிட்டு உறங்கப் போக, இங்குக் காலையில் அஃது எழுத்தாகி, அவர் விழிக்கும்பொழுது ஏடு ஆயத்தமாக இருக்கும். 1990களின் பிற்பகுதி தொடங்கிச் சென்னையில் இத்தொழில் பரவிற்று. பட்டம் பெற்ற இளைஞர் பலர் இதற்கெனப் பயிற்சி பெற்றனர்.

தாம்பரத்தார்க்கு மருத்துவ ஏடு புதிதன்று. 1928இல் டாக்டர் சௌரி முத்து என்பார் நிறுவிய காசநோய் மருத்துவமனையினாலேயே நம் பக்கத்து இரயில் நிலையத்திற்குச் சானடோரியம் என்னும் பெயர் வாய்த்தது. நம் கல்லூரி இவ்வூருக்கு வந்ததே 1937இல்தான். ஆகவே நம்மினும் முன்னரே நோயாளரும் அவர்தம் குறிப்பேடுகளும் இங்குக் குடிபுகுந்துவிட்டனர் எனலாம். ஆனால் அக்குறிப்பேட்டில் எண்ணை எழுதுதற்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பது தமக்கையாரின் மேசைமேற் கிடக்கும் முனை மடங்கிய நூலொன்றைக் கண்ட பின்னரே எமக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் இத்தொழிலோர் 1978இல் ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கத்தார் 1995இல் தம் தொழிலுக்கென ஒரு நடைநூல் வெளியிட்டனர். 2002இலும் 2008இலும் அதனைத் திருத்திப் புதுக்கினர். காற்புள்ளி முதற் கலைச்சொல் வரை பலவும் அதனுட் பேசப்படினும், எண்ணைப் பற்றிய விதிகளே எம் உள்ளத்தைக் கவர்ந்தன. அவற்றுட் சிலவற்றை எம் நடையில் தொகுத்துக் கூறுவோம்.

பொதுவான ஆங்கில நூல்களில் ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள சிற்றெண்களைச் சொல்லால் எழுதுதல் பெருவழக்கு. மருத்துவ ஏட்டிலோ அகவை, மருந்தின் அளவு, குருதியழுத்தம், புண்ணின் நீளம் ஆகியன எத்துணைச் சிறிய எண்ணாயினும் இலக்கத்தாலேயே எழுதப்படல் வேண்டும். என்னை காரணம்? நள்ளிரவில் கண் சோர்ந்து நிற்கும் செவிலி ஒருத்தி ஏட்டைப் புரட்டும்பொழுது அவள் தேடுவது நடையழகையன்று, அளவையே. சொற்களினிடையே இலக்கம் நாற்றினிடையே நட்ட கோல் போலத் தனித்துத் தோன்றும். ஆயினும் வாக்கியத்தின் தலையில் இலக்கம் நிற்றலாகாது என்றும், நிற்க நேரின் வாக்கியத்தையே மாற்றி அமைக்க என்றும் கூறுவர். இரண்டு எண்கள் அடுத்தடுத்து வரின், ஒன்றைச் சொல்லாலும் மற்றொன்றை இலக்கத்தாலும் எழுதுவர். 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு கொடுக்க என்பதை, ஆங்கிலச் சொல்வரிசைப்படி 2 என்றும் 5 என்றும் அருகருகே எழுதினால், படிப்போன் கண்ணுக்கு அது 25 ஆகிவிடுமன்றோ?

இவற்றினும் நுட்பமானது சுழியைப் பற்றிய விதி. அரை மில்லிகிராம் என்பதை .5 என எழுதலாகாது. முன்னே சுழியிட்டு 0.5 என்றே எழுதல் வேண்டும். ஐந்து மில்லிகிராம் என்பதை 5.0 என எழுதலாகாது. 5 என்றே விடுத்தல் வேண்டும். முன்னதில் புள்ளி தேய்ந்தால் அரை ஐந்தாகும். பின்னதில் புள்ளி தேய்ந்தால் ஐந்து ஐம்பதாகும். இரண்டிடத்தும் நோயாளி உண்பது பத்து மடங்கு. ஒரு முன்சுழி காக்கின்றது. ஒரு பின்சுழி கெடுக்கின்றது! ஆய்வுக்கூட முடிவுகளில் துல்லியம் காட்ட வேண்டுமிடத்து 4.0 என எழுதுதல் பொருந்தும். மருந்தளவில் அது பொருந்தாது. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘ஜாயின்ட் கமிஷன்’ என்னும் அமைப்பு 2004இல் ‘இவற்றை எழுதற்க’ என்று ஒரு பட்டியல் வகுத்தபோது, இச்சுழிகளையும் அதனுட் சேர்த்தது. ‘யூனிட்’ என்னும் சொல்லை ‘யு’ என்னும் ஓர் ஆங்கில எழுத்தாற் சுருக்குதலும் அப்பட்டியலில் உண்டு. அவ்வெழுத்தைச் சுழியெனக் கொண்டு 10 யூனிட் இன்சுலினை 100 எனப் படித்துவிடல் கூடும் என்பதே காரணம்.

இவ்விதிகளைப் பயிலும்பொழுது எம் உள்ளம் நம் பண்டை எண்முறையின்பாற் சென்றது. சானடோரியத்தில் 2005இல் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை அன்பர்கள் அறிவர். சித்த மருத்துவத்தில் உளுந்தெடை என்பது 65 மில்லிகிராம். குன்றிமணியெடை 130 மில்லிகிராம். பலம் 35 கிராம். ஒவ்வோர் அளவுக்கும் தனிப்பெயர் இருந்தமையால், புள்ளியிட்டுப் பகுக்க வேண்டிய தேவை அரிதாயிற்று. நம் முன்னோர் பின்னத்திற்கும் புள்ளி வைத்தாரல்லர். கால், அரை, அரைக்கால், மாகாணி, 320இல் ஒரு கூறாகிய முந்திரி என ஒவ்வொன்றற்கும் பெயரும் குறியும் அமைத்தனர். தேய்வதற்குப் புள்ளியே இல்லாத முறை அது. ஆயினும் அதன்கண்ணும் வேறோர் இடர் உண்டு. தமிழிலக்கத்தில் ௧ என்பது ககர உயிர்மெய்யை ஒக்கும். ௭ என்பது எகரத்தை ஒக்கும். ௮ என்பது அகரத்தை ஒக்கும். ஆகவே எம்முறைக்கும் அதனதன் பொல்லாங்கு உண்டு என்றும், அப்பொல்லாங்கை அறிந்து வேலியிடுதலே விதியின் பயன் என்றும் யாம் உணர்ந்தோம்.

கண்ணுக்கு உள்ள இடர் காதுக்கும் உண்டு. ஆங்கிலத்தில் ‘பிப்டீன்’ என்பதற்கும் ‘பிப்டி’ என்பதற்கும் இடையே உள்ள வேற்றுமை ஒரு மெல்லொலியே. மருத்துவர் களைத்து விழுங்கிப் பேசினால் பதினைந்து எது, ஐம்பது எது என யாரறிவார்? தமிழிலும் எழுபதும் எண்பதும் விரைவிற் கூறின் மயங்கும். தொண்ணூறு என்பது நூறு என்னும் சொல்லைத் தன்னகத்தே கொண்டிருந்தும் நூற்றினும் குறைந்தது; தொள்ளாயிரம் என்பது ஆயிரத்தைக் கொண்டிருந்தும் ஆயிரத்தினும் குறைந்தது. முன்னொலியைத் தவறவிட்டுப் பின்னொலியை மட்டும் பற்றுவோன் கணக்கு என்னாகும்!

இத்தகைய இடத்தில் செய்யத்தக்கது யாது என்று யாம் ஒருநாள் தமக்கையாரை வினவினோம். “மூன்று முறை கேட்பேன், தம்பி. முன்னும் பின்னும் உள்ள செய்தியோடு பொருத்திப் பார்ப்பேன். அப்படியும் தெளியாவிட்டால் வெற்றிடம் விட்டு, ‘இவ்விடம் கேட்கவில்லை’ என்று குறித்து மருத்துவருக்கே அனுப்பிவிடுவேன். ஊகித்து மட்டும் எழுத மாட்டேன்” என்றார். வெற்றிடம் மிகுந்தால் மேலாளர் கடிந்துகொள்ளமாட்டாரோ என்றோம். “கடிந்துகொள்ளட்டும். வெற்றிடத்தை யாராவது நிரப்புவார்கள். தவறான எண்ணை யாரும் தேட மாட்டார்கள்” என்று விடை கூறினார். இவ்விடை எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அறியாததை அறியேன் என்று எழுதுதலும் ஓர் எழுத்தே. அதற்கு எழுதுவதினும் மிகுந்த உறுதி வேண்டும்.

இனி, அகவையைப் பற்றிய விதிகட்கு வருவோம். அகவை எப்பொழுதும் இலக்கத்தாலேயே எழுதப்படும். 78 அகவையுடைய பெண்மணி என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கால், எண்ணையும் ஆண்டு என்னும் சொல்லையும் முதுமைச் சொல்லையும் சிறுகோடுகளாற் பிணைத்து ஒரே அடைமொழியாக்குவர். நம் தொகைச்சொல்லைப் போல்வதோர் ஆக்கம் அது. பிறந்து ஒரு மாதத்திற்குட்பட்ட மகவுக்கு ஒரு பெயர், ஓராண்டு வரை ஒரு பெயர், 12 வரை குழந்தை, 13 முதல் 17 வரை வளரிளம் பருவம், 18 முதல் முதிர்ந்தோர் என்று மருத்துவ நடைநூல்கள் வரையறுக்கும். இவ்வரையறை கண்டு யாம் வியந்திலோம். நம் பாட்டியல் நூலோர் பெண்பாற்கு ஏழு பருவம் வகுத்து, நூலுக்கு நூல் சிறிது வேறுபடினும், பேதைக்கு 5 முதல் 7, பெதும்பைக்கு 8 முதல் 11 என எண்ணிட்டுக் கூறினரல்லரோ? ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் கணக்கு 40 அகவையுடைய பேரிளம்பெண்ணோடு முடிந்துவிடுகின்றது. அதற்குமேல் வாழும் மூதாட்டிக்குப் புலவர் பருவப்பெயர் வைத்தாரல்லர். மருத்துவ ஏடோ அவரைத்தான் மிகுதியும் எழுதுகின்றது. அமெரிக்க நாட்டின் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த விதி ஒன்று, நோயாளியின் அடையாளத்தை மறைத்து வெளியிடும் ஏட்டில் 89க்கு மேற்பட்ட அகவையைத் தனித்துக் கூறாது ‘90உம் அதற்கு மேலும்’ என ஒன்றாக அடக்குக என்கின்றது. அத்துணை முதிர்ந்தோர் சிலராதலின், அகவையே அவர் பெயரைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பது கருத்து. அகவை என்பது வெறும் எண்ணன்று, ஆளையே குறிப்பது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எம் குடும்பத்திலேயே இதனை யாம் கண்கூடாகக் கண்டோம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எம் ஆச்சியாருக்கு இடக்கால் வீங்கி நோவெடுத்தது. மருத்துவமனை ஒன்றிற் சேர்த்தோம். காலின் உள்நரம்பில் குருதி உறைந்துள்ளது என்றும், உறைதலைத் தடுக்கும் எனாக்சபாரின் என்னும் மருந்தை ஊசிவழிச் செலுத்தல் வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். சேர்க்கைச் சீட்டு எழுதிய இளைஞர், “பாட்டி, அறுபத்தைந்து இருக்குமா?” என்று கேட்டார். “இருக்கும் தம்பி, போட்டுக்கொள்” என்றார் ஆச்சியார். அவ்வளவில் அகவை 65 ஆயிற்று. பழைய மருந்துச் சீட்டொன்றில் 70 என்று இருந்தது. ஆதார் அட்டையிலோ, பிறந்த நாள் அறியாத முதியோர் பலர்க்கும் போலச் சனவரி முதல் நாள் குறிக்கப்பட்டு, அதன்படி 72 ஆயிற்று. ஒரே உடம்புக்கு மூன்று அகவை!

எங்களுள் யாரும் இதனைப் பொருட்படுத்தவில்லை. தமக்கையார் மட்டும் அச்சீட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து முகம் மாறினார். நேரே இளம் மருத்துவரிடம் சென்று, “டாக்டர், ஆச்சியின் வயது எங்களுக்கு உறுதியாகத் தெரியவில்லை. சீட்டில் உள்ள 65ஐ நம்பவேண்டா. மாலைக்குள் விசாரித்துச் சொல்கிறேன்” என்றார். மருத்துவர் சினந்தாரல்லர். ஒரு தாளை எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். சிறுநீரகம் குருதியைத் தூய்மை செய்யும் வேகத்தை மதிப்பிட, காக்கிராப்ட், கால்ட் என்னும் இருவர் 1976இல் வெளியிட்ட வாய்பாடு ஒன்று உண்டு. 140இலிருந்து அகவையைக் கழித்து, உடலெடையாற் பெருக்கி, குருதியிலுள்ள கிரியாட்டினின் அளவை 72ஆற் பெருக்கி வந்த தொகையால் வகுத்தல் வேண்டும்; பெண்ணாயின் வந்ததை 0.85ஆற் பெருக்குதல் வேண்டும். ஆச்சியாரின் எடை 48 கிலோ, கிரியாட்டினின் 1.2. அகவை 65 எனக் கொள்ளின் விடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 மில்லிலிட்டர். 72 எனக் கொள்ளின் 32. இம்மருந்துக்கோ 30 என்பது எல்லைக்கோடு. 30க்கு மேலாயின் நாளைக்கு இருமுறை ஊசி. 30க்குக் கீழாயின் ஒருமுறையே. மிகுந்தால் உள்ளே குருதி கசிதல் கூடும். குறைந்தால் உறைந்த குருதி நுரையீரலுக்கு ஏறுதல் கூடும்.

ஆச்சியாரைக் கேட்டோம். அவர் ஆண்டுக்கணக்கு அறியார், நிகழ்ச்சிக்கணக்கு அறிவார். “தனுஷ்கோடிப் புயல் அடித்த மாசம் எனக்குக் கல்யாணம். அப்போது எனக்குப் பத்தொன்பது நடந்தது” என்றார். புயலடித்தது 1964 டிசம்பர். ‘நடந்தது’ என்னும் அச்சொல்லில் ஓர் ஆண்டு ஒளிந்திருந்தது. நம்மவர் பலர் நடக்கும் அகவையைக் கூறுவர். மருத்துவ ஏடு வேண்டுவது நிரம்பிய அகவையை. பத்தொன்பது நடந்தது எனின் நிரம்பியது பதினெட்டே. ஆகவே 1945இன் முடிவிலோ 1946இலோ பிறந்திருத்தல் வேண்டும். எந்தையார் நெல்லைச் சீமையில் ஆச்சியாரின் பிறந்த ஊர்க் குருவானவரைத் தொலைபேசியில் அழைத்து வேண்டினார். அவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடியெடுத்து, அப்பக்கத்தைப் படம்பிடித்து அன்று மாலையே அனுப்பினார். அதில் 1946ஆம் ஆண்டு சூன் மாதம் பிறந்தமை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதப்பட்டிருந்தது. மை மங்கி இலக்கத்தின் கடைசி உரு ஐயத்திற்கிடமாயிருந்தும், ‘நாற்பத்தாறு’ என்னும் சொல் தெளிவாக நின்று ஐயத்தை அகற்றிற்று. பத்திரம் எழுதுவோரும் தொகையை இருவகையாலும் எழுதுவது இதன் பொருட்டே போலும்.

நிரம்பிய அகவை 78. கணக்கின் விடை 29. மருத்துவர் மருந்துத் தாளில் ஒருமுறை என்று எழுதி, அகவைக்கட்டத்தில் இருந்த 65ஐ ஒரே கோட்டால் அடித்து, 78 என எழுதிக் கையொப்பமிட்டார். ஆச்சியார் நலம்பெற்று வீடு திரும்பினார். மற்ற அகவையே நின்றிருந்தால் தீங்கு நேர்ந்தேயிருக்கும் என்று யாம் கூறத் துணியோம். ஆயின், தெரியாத எண்ணைத் தெரிந்ததாகக் கொள்ள மறுத்த ஒரு பழக்கம் அன்று எம் வீட்டு மூதாட்டிக்குக் காவலாய் நின்றது என்பது மட்டும் உறுதி. அப்பழக்கம் தமக்கையாருக்கு ஆயிரம் அயலார் ஏடுகளை எழுதியதால் வந்தது. தாம் முகம் காணாத, பெயரும் நினைவில் இல்லாத நோயாளர்க்குச் செய்த தொண்டின் பயன் தம் ஆச்சியாரிடம் வந்து சேர்ந்தது.

இன்று தமக்கையாரின் தொழில் மாறி வருகின்றது. மருத்துவர் பேச்சைக் கணிப்பொறியே கேட்டு எழுதிவிடுகின்றது; அதனை ஒலியோடு ஒப்புநோக்கித் திருத்துதலே அவர் வேலையாகச் சுருங்கிற்று. ஊதியமும் அதற்கேற்பச் சுருங்கிற்று. பொறியின் விரைவை அவர் பாராட்டுகின்றார். ஆனால் அதன்பால் ஒரு குறை காண்கின்றார். “ஐம்பதா பதினைந்தா என்று ஐயம் வரும் இடத்தில் அது பெரும்பாலும் வெற்றிடம் விடுவதில்லை, தம்பி. ஏதாவது ஒன்றை அழகாக எழுதிவிடுகிறது. அழகாக இருப்பதால் படிப்பவருக்கு ஐயமே எழுவதில்லை” என்கின்றார். ஆகவே திருத்துவோர் முன்னினும் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. அவ்விழிப்புக்கு விலை குறைந்து வருவதே எமக்குக் கவலை தருகின்றது.

தமிழ் பயிலும் நம் நண்பர்கட்கு ஒரு வேண்டுகோளுடன் இதனை முடிக்கின்றோம். நோயாளர் கையிற் கொடுக்கும் குறிப்புகள் அவர் படிக்கும் தமிழில் அமைதல் வேண்டும் என நாம் பலகாலும் பேசுகின்றோம். அங்ஙனம் அமையுங்கால், கலைச்சொல் ஆக்குதலோடு நம் கடன் முடிந்துவிடாது. எண்ணை எழுதும் முறையும் வகுத்தல் வேண்டும். அகவை நிரம்பியதா நடப்பதா எனத் தெளிவாய்க் குறித்தல். ‘ஒன்றரை’ என்பதைப் புள்ளியிட்டு எழுதுவதா, பின்னமாக எழுதுவதா, சொல்லால் எழுதுவதா எனத் துணிதல். ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்பதைச் சுருக்காது முழுதும் எழுதுதல். ‘இரவு 12 மணி’ எந்த நாளைச் சேர்ந்தது எனத் தெளிவித்தல் ஆகிய இவை இலக்கணம் கற்றார் மருத்துவரோடு கலந்திருந்து செய்யத்தக்க பணிகள். நம் நாட்டு மருத்துவர் மருந்துச் சீட்டில் 1-0-1 என எழுதுகின்றனர். காலை ஒன்று, நண்பகல் இல்லை, இரவு ஒன்று என்பதை எழுத்தறியாத மூதாட்டியும் அறிந்துகொள்கின்றார். அத்துணை எளிமையும் தெளிவும் வாய்ந்த முறைகளை இன்னும் பல காணல் இயலும். செய்யுளுக்கு அசையும் சீரும் எண்ணிப் பழகிய நமக்கு இப்பணி அயலதன்று. ஓர் இலக்கத்தை எழுதுமுன் அதற்குப் பின்னே நிற்கும் மனிதரை ஒருகணம் நினைத்தல் வேண்டும். அந்நினைவிலிருந்து பிறக்கும் விதிகள் நிலைபெறும்.